171 எங்கிருந்து வந்தது? டக்வொர்த் லூயிஸ் கணக்கு, எளிமையாக

2023 மே 29 இரவு, அகமதாபாத். ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் குஜராத் அணி 20 ஓவரில் 214 ரன் குவித்திருந்தது. அதில் நம் சென்னைப் பிள்ளை சாய் சுதர்சன் 47 பந்தில் எடுத்தது மட்டும் 96. பதிலுக்கு இறங்கிய சென்னை அணி மூன்றே மூன்று பந்துகளைச் சந்தித்திருந்த நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. நள்ளிரவு தாண்டி ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது புதிய இலக்கு அறிவிக்கப்பட்டது: 15 ஓவரில் 171. கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா அடித்த சிக்சரையும் பவுண்டரியையும் இன்றும் பந்துக்குப் பந்து விவரிக்கிறவர்கள் உண்டு. அந்த 171 எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சு தடுமாறிவிடுகிறது.

சாதாரணக் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும்: 20 ஓவரில் கால்பங்கு மழையில் போய்விட்டது, ஆகவே 214-இல் கால்பங்கைக் கழித்துவிடலாம். மிச்சம் 160 சொச்சம், இலக்கு 161. ஆனால் கொடுக்கப்பட்டதோ 171. அந்தப் பத்து ரன்னை யார் கூட்டினார்கள்? கம்ப்யூட்டரா, நடுவர்களா, அல்லது எங்கள் தெரு டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்களே, அந்தச் சதிகாரர்களா?

பதில் எளிமையானது. அதைப் புரிந்துகொள்ள முதலில் 1992-க்குப் போக வேண்டும். மழை விதி என்ற பெயரில் கிரிக்கெட் தன்னைத்தானே கேலிக்கூத்தாக்கிக்கொண்ட வருடம் அது.

அதற்கு முன்பு சராசரி விகிதக் கணக்குத்தான் இருந்தது. ஓவருக்கு இத்தனை ரன் என்று வகுத்து, இருக்கிற ஓவரால் பெருக்கிவிடுவார்கள். இது இரண்டாவதாக ஆடுகிற அணிக்குக் கொண்டாட்டம். 50 ஓவருக்குப் பத்து விக்கெட்டை மிச்சம்பிடித்து ஆடுவது ஒன்று, அதே பத்து விக்கெட்டோடு 25 ஓவர் மட்டும் ஆடுவது வேறு என்பதை அந்தக் கணக்குக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்கிறோம் என்று 1992 உலகக் கோப்பையில் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தார்கள். மழையால் எத்தனை ஓவர் குறைகிறதோ, முதலில் ஆடிய அணி மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களைத் தேடிப் பிடித்து நீக்கிவிட வேண்டும். அந்த ஓவர்களின் ரன்னை மட்டும் இலக்கிலிருந்து கழிக்க வேண்டும்.

காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது அல்லவா? பிரிஸ்பேனில் இந்தியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியா 50 ஓவரில் 237. இந்தியா ஆடும்போது மழையால் மூன்று ஓவர் குறைந்தது. இலக்கில் குறைந்தது எவ்வளவு? இரண்டே ரன். 238 என்றிருந்தது 47 ஓவரில் 236 ஆனது. அசாருதீன் 93 அடித்தும் இந்தியா 234-க்கு ஆட்டமிழந்து ஒரு ரன்னில் தோற்றது. நன்றாகப் பந்து வீசி மெய்டன் ஓவர் போட்டிருந்தால் அதற்குத் தண்டனை என்பதுதான் அந்த விதியின் உட்பொருள். நீங்கள் ரன்னே கொடுக்காத ஓவர்களைத்தான் அது நீக்கும். நீக்கினால் இலக்கு குறையாது.

அந்த உலகக் கோப்பையின் உச்சம் சிட்னியில் நடந்த அரையிறுதி. இங்கிலாந்தின் 252-ஐத் துரத்திய தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை என்ற நிலையில் மழை. சுமார் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அணிகள் திரும்பி வந்தபோது மைதானத்தின் பெரிய பலகை ஒரு பந்தில் 22 ரன் தேவை என்று காட்டியது. அதுவும் தப்பு, உண்மையில் 21. இரண்டு ஓவரைப் பறித்துக்கொண்டு ஒரே ஒரு ரன்னைக் குறைத்திருந்தார்கள். மெக்மில்லன் அந்தக் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். வேறு என்ன செய்வது?

இந்தக் கூத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துப் புள்ளியியலாளர் பிராங்க் டக்வொர்த், இது தீர்க்கக்கூடிய கணக்குதான் என்று நினைத்தார். அவரோடு சேர்ந்துகொண்டவர் பிரிஸ்டலில் கல்லூரி ஆசிரியராக இருந்த டோனி லூயிஸ். (இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்து பின்னர் வர்ணனையாளரான டோனி லூயிஸ் வேறு ஆள்.) இருவரும் உருவாக்கிய முறை 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஒருநாள் போட்டியில் முதல்முறையாகப் பயன்பட்டது. 2014-இல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் பொறுப்பேற்று இதைப் புதுப்பித்தார். அதிலிருந்துதான் டி.எல்.எஸ். என்று மூன்று எழுத்து. லூயிஸ் 2020-லும் டக்வொர்த் 2024-லும் காலமானார்கள்.

அவர்கள் கண்டுபிடித்தது சூத்திரத்தை மட்டுமல்ல, ஒரு பார்வையை. துரத்துகிற அணியின் கையில் இருக்கும் சரக்கு ஓவர் மட்டும் அல்ல, விக்கெட்டும்தான். இரண்டையும் தனித்தனியாக அளக்கக் கூடாது, சேர்த்து ஒரே எண்ணாக்க வேண்டும். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் வளம். 50 ஓவரும் பத்து விக்கெட்டும் முழுசாக இருந்தால் வளம் 100 சதவீதம். ஒவ்வொரு பந்து போகும்போதும் அது கொஞ்சம் கரையும். ஒரு விக்கெட் விழுந்தால் சட்டென்று இறங்கும்.

மாதச் சம்பளக்காரருக்கு இது புதிதே அல்ல. ஓவர் என்பது மாதத்தில் மிச்சமுள்ள நாட்கள்; விக்கெட் என்பது கையில் மிச்சமுள்ள பணம். முதல் தேதி முழுச் சம்பளத்தோடு இருப்பவர் யோசித்துத்தான் செலவு செய்வார். திடீரென்று மாதத்தைப் பதினைந்து நாளாகச் சுருக்கிவிட்டால், அதே சம்பளத்தை அவர் தாராளமாக வீசலாம். பணம் தீர்ந்துபோனவருக்கு மாதத்தில் இன்னும் இருபது நாள் இருந்தென்ன, பத்து நாள் இருந்தென்ன?

இந்தக் கடைசி வரி அவர்களது அட்டவணையிலேயே அச்சாக இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத இடங்களில் பயன்படுத்துவதற்கென்று ஓர் எளிய பதிப்பு உண்டு. அதைப் பார்த்தால், கையில் இரண்டே விக்கெட் இருக்கிற அணிக்கு 50 ஓவர் மிச்சம் இருந்தாலும் வளம் 11.9 சதவீதம், 20 ஓவர் மிச்சம் இருந்தாலும் அதே 11.9. எட்டு விக்கெட்டை இழந்த அணி அந்த ஓவர்களை ஆடி முடிக்கப்போவதில்லை, அதனால் அவை இருந்தும் பயனில்லை.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். முதல் அணி 50 ஓவரில் 250 எடுத்துவிட்டது. இரண்டாவது அணி 30 ஓவர் ஆடியதும் மழை. ஆட்டம் அத்தோடு முடிந்தது. யார் வென்றார்கள்?

பழைய சராசரிக் கணக்கில் 30 ஓவருக்கு 150. அதைத் தாண்டியிருந்தால் வெற்றி, எத்தனை விக்கெட் விழுந்திருந்தாலும் கவலையில்லை. டக்வொர்த் லூயிஸ் கணக்கு விக்கெட்டைக் கேட்கும். இரண்டு விக்கெட் மட்டுமே போயிருந்தால், மீதி 20 ஓவருக்கு அந்த அணியிடம் 52.4 சதவீத வளம் செலவாகாமல் இருக்கிறது. அதாவது செலவானது 47.6. 250-இல் 47.6 சதவீதம் என்பது 119. ஆக 120 எடுத்திருந்தாலே அந்த அணிக்கு வெற்றி. அதே 30 ஓவரில் ஆறு விக்கெட் போயிருந்தால்? மிச்ச வளம் 30.8 மட்டும், செலவானது 69.2. இப்போது சமன் செய்யவே 173 வேண்டும், வெல்ல 174. ஓவர் ஒன்றுதான், இடையில் 54 ரன் வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுக்க நான்கு விக்கெட்டின் விலை.

அட்டவணையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 171-க்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஓவர்களுக்கெல்லாம் ஒரே விலை கிடையாது. பத்து விக்கெட்டும் கையில் இருக்கும்போது, 50 ஓவர் ஆட்டம் 40 ஓவராகக் குறைந்தால் இழப்பு 10.7 சதவீதம்தான். ஆனால் ஒரு விக்கெட்டும் விழாமல் 40 ஓவர் ஆடி, கடைசிப் பத்து ஓவரை மழை கொண்டுபோனால் இழப்பு 32.1. எண்ணிக்கையில் இரண்டும் பத்து ஓவர்தான். முதல் வகையில், ஆட்டம் சுருங்கியது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அணி தொடக்கத்திலிருந்தே அடித்து ஆடலாம். மிச்சம் இருக்கும் ஒவ்வொரு ஓவருக்கும் மதிப்பு ஏறிவிடுகிறது. இரண்டாவது வகையில், சேர்த்து வைத்த விக்கெட்டுகளைச் செலவழிக்க வேண்டிய நேரத்தில் கடையை மூடிவிட்டார்கள்.

சென்னை அணிக்கு நடந்தது முதல் வகை. 20 ஓவர் 15 ஆனபோது பத்து விக்கெட்டும் பத்திரமாக இருந்தன. ஓவரில் 25 சதவீதம் போனாலும் வளத்தில் போனது சுமார் 20 சதவீதம்தான். 214-இல் ஏறத்தாழ எண்பது சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், 171-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் பத்து ரன் யாரும் திணித்தது அல்ல. 20 ஓவருக்கு உரிய பத்து விக்கெட்டை 15 ஓவரில் செலவழிக்கக் கிடைத்த அனுமதிக்கான கட்டணம். ஒருவேளை நான்கு விக்கெட் விழுந்த பிறகு அதே ஐந்து ஓவர் குறைந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி திரையின் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் 'பார் ஸ்கோர்'. இந்த நொடியில் மழை வந்து ஆட்டம் முடிந்துபோனால் சமநிலைக்கு எவ்வளவு ரன் இருக்க வேண்டும் என்பதே அது. பந்துக்குப் பந்து மாறும். விக்கெட் விழுந்தால் துள்ளி ஏறும். நம் 250 ரன் உதாரணத்தில், 30 ஓவர் முடிவில் இரண்டு விக்கெட் போயிருந்தால் 119 என்றிருந்த எண், நான்கு போயிருந்தால் 138. அதனால்தான் வானம் கறுத்திருக்கும்போது விழுகிற ஒரு விக்கெட்டுக்குப் பந்துவீசும் அணி அவ்வளவு கூத்தாடுகிறது.

இந்த எண்ணில் 'சமநிலைக்கு' என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டதால் ஒரு நாடு உலகக் கோப்பையிலிருந்தே வெளியேறியது. 2003 மார்ச், டர்பன். இலங்கையின் 268-ஐத் தென்னாப்பிரிக்கா துரத்துகிறது. தூறல் வலுக்கிறது, 45-ஆவது ஓவரோடு ஆட்டம் நிற்கும் போலிருக்கிறது. 229 வேண்டும் என்று உள்ளிருந்து தகவல் போகிறது. முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்சருக்கு அனுப்பினார். ஸ்கோர் 229. வேலை முடிந்தது என்று கடைசிப் பந்தை மெல்லத் தடுத்து வைத்துவிட்டார். ஓடியிருந்தால் ஒரு ரன் கிடைத்திருக்கலாம். விக்கெட்டைக் காப்பாற்றுவதுதான் முக்கியம் என்று நினைத்தார். 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தது, போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. டக்வொர்த்தும் லூயிஸும் இதற்கு எந்த விதத்திலும் பொறுப்பல்ல. தாளைப் படித்தவர் ஒன்றைக் கூட்ட மறந்தார், அவ்வளவுதான்.

பார் ஸ்கோரையும் திருத்திய இலக்கையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதும் வழக்கம். 2022 டி20 உலகக் கோப்பையில் அடிலெய்டில் இந்தியா 184 எடுத்திருந்தது. வங்கதேசம் 7 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 66. லிட்டன் தாஸ் பேய் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். அப்போது மழை. அந்த நேரத்தில் பார் ஸ்கோர் 49, வங்கதேசம் 17 ரன் முன்னிலை. மழை விடாமல் இருந்திருந்தால் இந்தியா தோற்றிருக்கும். மழை விட்டது, இலக்கு 16 ஓவரில் 151 ஆனது, லிட்டன் தாஸ், ராகுல் எறிந்த பந்தில் ரன் அவுட் ஆனார், இந்தியா ஐந்து ரன்னில் வென்றது. முன்னிலையில் இருந்த அணி எப்படித் தோற்கலாம் என்று சமூக வலைத்தளங்களில் ஒரே கூச்சல். முன்னிலை என்பது அந்த நொடிக்கு மட்டும் உரியது. மழைக்கு முன் அவர்களுக்கு 78 பந்தில் 119 தேவை. மழைக்குப் பின் 54 பந்தில் 85. ஓவருக்கு 9.2 என்பது 9.4 ஆனது. பத்து விக்கெட்டும் கையில் இருக்கிற அணியிடம் இந்த அளவு கூடுதலாகக் கேட்பது அநியாயம் இல்லை. அதற்குப் பிறகு விக்கெட்டுகளை இழந்தது அவர்கள் கணக்கு.

எல்லாவற்றையும்விட அதிகம் வசைவாங்குவது, முதலில் ஆடிய அணி எடுத்ததைவிட இலக்கு கூடிப்போகிற சந்தர்ப்பம்தான். 190 எடுத்த அணியைத் துரத்த 240 கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் யோசியுங்கள். முதல் அணி 50 ஓவர் இருக்கிறது என்று நம்பி நிதானமாக ஆடுகிறது. 40 ஓவரில் இரண்டு விக்கெட்டுக்கு 190. அடித்து நொறுக்க வேண்டிய கட்டத்தில் மழை, அவர்களது ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது அணிக்கும் 40 ஓவர். முதல் அணி கடைசிப் பத்து ஓவரில் பறிகொடுத்த வளம் 30.8; அவர்கள் பயன்படுத்தியது 69.2 மட்டும். இரண்டாவது அணிக்கோ 40 ஓவர் என்று முன்பே தெரியும், அவர்களிடம் 89.3 இருக்கிறது. வித்தியாசம் 20.1 சதவீதம். முழு இன்னிங்ஸின் சராசரியாக எளிய பதிப்பு வைத்திருக்கும் 245-இல் இந்த 20.1 சதவீதத்தை எடுத்தால் 49. 190-உடன் 49, வெற்றிக்கு ஒன்று: 240. அநியாயமாகத் தெரியும் அந்த ஐம்பது ரன், முதல் அணி அடிக்க வாய்ப்பில்லாமல் போன ரன்கள்.

இவ்வளவு வக்காலத்து வாங்கினாலும் இது குறையற்ற முறை என்று நான் சொல்ல மாட்டேன். 50 ஓவர் ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பிறந்த கணக்கு, 20 ஓவர் ஆட்டத்தில் ஆரம்பத்தில் திணறியது. 2010 டி20 உலகக் கோப்பையில் கயானாவில் இங்கிலாந்து 191 அடித்தது. மழைக்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொடுத்த இலக்கு 6 ஓவரில் 60. பத்து விக்கெட்டும் இருக்கும்போது ஆறு ஓவரில் 60 என்பது தட்டில் வைத்துக் கொடுத்தது போலத்தான். இங்கிலாந்துத் தலைவர் காலிங்வுட் வெளிப்படையாகவே பொருமினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதிக ரன் குவியும் இன்றைய ஆட்டங்களுக்கு ஏற்ப ஸ்டெர்ன் கணக்கை மாற்றியதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம். இன்றைக்குச் சர்வதேச ஆட்டங்களில் நான் மேலே காட்டிய எளிய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பெருக்குவதில்லை. முதல் அணியின் ஸ்கோருக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பதிப்பு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அடிப்படை மட்டும் மாறவில்லை.

பவர்பிளேயை, அதாவது எல்லைக் கோட்டருகே குறைவான ஆட்களையே நிறுத்த அனுமதிக்கும் தொடக்க ஓவர்களை, கணக்கு தனியாகப் பார்ப்பதில்லை என்பது பழைய புகார். விக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு என்பது இன்னொன்று. தொண்ணூறு அடித்து நிலைத்துவிட்டவர் ஆட்டமிழந்தாலும், நேற்று அணிக்கு வந்தவர் ஆட்டமிழந்தாலும் கணக்கில் ஒரு விக்கெட் ஒரு விக்கெட்தான். இது எனக்குச் சரி என்றே படுகிறது. இன்னாருக்கு இவ்வளவு மதிப்பு என்று யாராவது எண் போட ஆரம்பித்தால், டீக்கடைச் சதிக் கதைகளுக்கு அன்றைக்குத்தான் உண்மையான தீனி கிடைக்கும்.

இதற்கு மாற்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறையில், இயல்பாக இன்னிங்ஸ் நகரும் வேகத்துக்கு ஒரு வளைகோடு, ஓவர் குறைந்தபின் இலக்கை நிர்ணயிக்க இன்னொரு வளைகோடு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை வந்தால் பயன்படுவது இதுதான். திருநெல்வேலியிலோ திண்டுக்கல்லிலோ ஆட்டம் பார்த்துவிட்டு டக்வொர்த்தைத் திட்டுகிறவர்கள் ஆளை மாற்றித் திட்டுகிறார்கள்.

டி20-இல் இரண்டாவது அணி குறைந்தது 5 ஓவரும், ஒருநாள் போட்டியில் 20 ஓவரும் ஆடினால்தான் முடிவு உண்டு. அடுத்த முறை மேகம் திரளும்போது அந்த எல்லையை நெருங்கும் ஓவர்களைக் கூர்ந்து பாருங்கள். பின்தங்கிய அணியின் பேட்ஸ்மேனுக்குத் திடீரென்று கையுறை மாற்ற வேண்டியிருக்கும், ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். எதிரணித் தலைவர் வேகப்பந்து வீச்சாளரிடமிருந்து பந்தை வாங்கிச் சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுத்து, ஓட்டமும் நடையுமாக ஓவரை முடிக்கச் சொல்வார். மைதான ஓரத்தில் அணியினர் அமரும் இடத்தில் ஒருவர் கையில் பார் ஸ்கோர் தாள் இருக்கும். விக்கெட் விழுந்ததும் அவர் விரல் பக்கத்துப் பத்திக்கு நகரும்.